வேற்றுக்கிரகத்தில் சுருதி சேருமா?

பெங்களூரு சாமராஜப்பேட்டையில் ராமநவமிக் கச்சேரி நடக்கும் பந்தலில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். "இசைக்கு மொழி கிடையாது" என்பதை யாராவது சொல்லாமல் போகமாட்டார்கள். மேடையில் தெலுங்குக் கீர்த்தனை. கீழே அல்சூரிலிருந்து வந்த தமிழ்க் குடும்பமும் பசவனகுடியிலிருந்து வந்த கன்னடக் குடும்பமும் ஒரே இடத்தில் தலையாட்டுகின்றன. இதே ஊருக்கு வெளியே, பையலாலுவில், தொலைதூர விண்கலங்களோடு பேச இஸ்ரோ நிறுவிய 32 மீட்டர் ஆண்டெனா நிற்கிறது. சங்கீத ரசிகரும் விண்வெளிப் பொறியாளரும் ஒரே வீட்டில் இருக்கும் ஊர் இது. ஆகவே, "வேற்றுக்கிரகவாசிக்கு ஒரு நல்ல பாட்டை அனுப்பினால் போதுமே, புரிந்துகொண்டுவிடுவான்" என்ற பேச்சு இங்கே சுலபமாகக் கிளம்பிவிடுகிறது. கேண்டீனில் போண்டா கைக்கு வருவதற்குள் தீர்ப்பும் ஆகிவிடுகிறது.

அந்தத் தீர்ப்பில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. பாட்டு அங்கே போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது யாரோ செய்து அனுப்பியது என்று தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் புரிவதும் ரசிப்பதும். முதல் இரண்டில் இசைக்கு நிஜமாகவே ஒரு பலம் உண்டு. மூன்றாவதில், என் கணக்கில், ஏறக்குறைய இல்லை.

பூமியிலேயே தடுக்கி விழுந்த கதை

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக ஒரு நிதிக் கச்சேரி நடந்தது. சிதார் கலைஞர் ரவிசங்கரும் சரோத் கலைஞர் அலி அக்பர் கானும் தபலா கலைஞர் அல்லா ரக்காவும் மேடையில் அமர்ந்து ஒன்றரை நிமிடம் போலக் கருவிகளை ஒலித்துப் பார்த்து நிறுத்தினார்கள். அரங்கமே கைதட்டியது. அவர்கள் அதுவரை செய்தது சுருதி சேர்த்தது மட்டுமே. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்கிற பொருளில் ரவிசங்கர் சிரித்தபடி நன்றி சொன்னார்.

கைதட்டியவர்கள் இசை தெரியாதவர்கள் அல்லர். நமக்கிருக்கும் அதே காதும் அதே மூளையும் உள்ளவர்கள். இருந்தும் எது முன்னேற்பாடு, எது இசை என்ற எல்லை அவர்களுக்குத் தெரியவில்லை. சாமராஜப்பேட்டையில் இரு குடும்பங்களும் ஒன்றாகத் தலையாட்டுவதற்குக் காரணம், மொழி வேறானாலும் ராகமும் தாளமும் இருவருக்கும் சிறுவயது முதல் பழகியவை என்பதுதான்.

மனிதர்களுக்குள் பொதுவான இழை ஒன்று இருக்கிறது. 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று 315 சமூகங்களைப் பார்த்தது. எல்லாவற்றிலும் பாட்டு இருந்தது. முன்பின் கேட்டிராத சமூகத்தின் பாட்டாக இருந்தாலும், இது தாலாட்டு, இது ஆட்டத்துக்கான பாட்டு என்று கேட்பவர்கள் ஓரளவு சரியாகவே ஊகித்தார்கள். ஆனால் தாலாட்டு தாலாட்டாகத் தெரிவது, நம் எல்லோருக்கும் தொண்டையும் குழந்தையும் தூக்கமும் இருப்பதால். தொண்டை இல்லாத, குஞ்சுகளை வளர்க்காத, தூங்காத ஓர் உயிருக்கு அந்தத் துப்பு எதுவும் கிடைக்காது.

சுருக்கமாக: "இசை உலகப் பொதுமொழி" என்பதில் உள்ள "உலகம்", மனித உடல் உள்ள உலகம்.

பாட்டு எப்படிப் பயணம் செய்யும்?

ஒலி என்பது காற்றோ நீரோ திடப்பொருளோ அதிர்ந்து, அந்த அதிர்வு பரவுவது. நட்சத்திரங்களுக்கு இடையே அதிர்வதற்கு அனேகமாக எதுவும் இல்லை. எனவே பாட்டைப் பாட்டாகவே அனுப்ப வழியில்லை.

காற்று இருந்தாலும்கூட நம் காற்றாக இருக்க வேண்டும். செவ்வாயில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி கொண்டுபோன மைக்ரோஃபோன் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். அங்கே ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 240 மீட்டர். பூமியில் ஏறத்தாழ 340. விசித்திரம் என்னவென்றால், கீச்சென்ற ஒலிகள் அங்கே வினாடிக்குப் பத்து மீட்டர் போலக் கூடுதல் வேகத்தில் போகின்றன. கொஞ்ச தூரத்திலேயே அவை மங்கியும் விடுகின்றன. அங்கே எட்ட உட்கார்ந்து கச்சேரி கேட்டால் உச்சத்தில் உள்ள தார ஸ்தாயி ஸ்வரங்கள் முந்திக்கொள்ளும், கீழே உள்ள மந்திர ஸ்தாயி பின்தங்கும். பக்கத்துக் கிரகத்திலேயே இந்தக் கதி.

ஆகவே நம்பியிருக்க வேண்டியது ரேடியோ அலையை. அதற்கு ஊடகம் தேவையில்லை, ஒளியின் வேகத்தில் போகும். வானொலியில் நடப்பது இதுதான்: மைக் முன் பாடியதும் ஒலி மின்சார ஏற்ற இறக்கமாக மாறுகிறது, அந்த ஏற்ற இறக்கத்தை ரேடியோ அலையின் மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். இந்த ஏற்றும் வேலைக்குப் பண்பேற்றம் என்று பெயர். வாங்கும் பெட்டிக்கு எந்த முறையில் ஏற்றினார்கள் என்பது தெரிந்திருந்தால்தான் பாட்டை இறக்க முடியும். நம் வானொலிப் பெட்டிக்குத் தெரியும், ஏனென்றால் செய்தவர்கள் நம் ஆட்கள்.

இந்த முடிச்சுக்கு 2001-ல் அழகான ஒரு மாற்றுவழியை முயன்றார்கள். ரஷ்ய ரேடியோ பொறியாளர் அலெக்சாந்தர் ஸாய்ட்செவ், கிரிமியாவின் யெவ்பத்தோரியாவில் உள்ள பெரிய ஆண்டெனா வழியாக, தெரமின் என்ற கருவியின் இசையை அருகிலுள்ள நட்சத்திரங்களை நோக்கி அனுப்பினார். தெரமினைத் தொட்டு வாசிப்பதில்லை. இரண்டு ஆண்டெனாக்களுக்கு அருகில் கைகளைக் காற்றில் அசைத்தால் நாதம் ஏறி இறங்கும். அதன் ஒலி கிட்டத்தட்ட ஒற்றை அலை. வயலினுக்கோ வீணைக்கோ உள்ள அடுக்குகள் அதில் குறைவு. அதனால் மெட்டு ஏறும்போது ரேடியோ அலையின் அதிர்வு வேகமும் ஏறும், இறங்கும்போது இறங்கும். வாங்குகிறவர் காதால் கேட்க வேண்டியதே இல்லை. நேரத்தைக் கிடைமட்டத்திலும் அலையின் ஏற்றத்தைச் செங்குத்திலும் வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும், அதுவே மெட்டு. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, தெரிந்த நமக்கு அந்தக் கோடு அந்நியமாக இருக்காது.

தங்கத் தட்டில் என்ன இருக்கிறது

ரேடியோவை விட்டுவிட்டுப் பொருளாகவே அனுப்பியது 1977-ல். நாசாவின் விண்கலங்களான வாயேஜர் 2 ஆகஸ்ட் 20-லும் வாயேஜர் 1 செப்டம்பர் 5-லும் கிளம்பின. இரண்டிலும் தங்க முலாம் பூசிய 12 அங்குலச் செப்புத் தட்டு ஒன்று. அதில் 55 மொழிகளில் வாழ்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், ஏறத்தாழ 90 நிமிட இசை. இசையில் இந்தியாவிலிருந்து ஒன்றே ஒன்று: கேசர்பாய் கேர்கர் பாடிய இந்துஸ்தானி பைரவி. வாயேஜர் 1 கிளம்பிய அதே மாதம் 16-ம் தேதி அந்த அம்மையார் காலமானார்.

பெங்களூரில் இதைப் பேசினால் அடுத்த நிமிடமே வாழ்த்து மொழிகளின் பட்டியல் வந்துவிடும். கன்னடம் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, தமிழ் இல்லை. சதி எதுவும் இல்லை. குறைந்த அவகாசத்தில், கார்னெல் பல்கலைக்கழக வட்டாரத்தில் கிடைத்தவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். தட்டில் கர்நாடக இசையும் கிடையாது என்பதைக் கன்னட நண்பர்களுக்கு நினைவூட்டினால் இருதரப்பும் சமாதானமாகிவிடும்.

எனக்குப் பாட்டுகளைவிடச் சுவாரசியமாகப் படுவது தட்டின் உறை. இசைத்தட்டைச் சரியான வேகத்தில் சுழற்றாவிட்டால் பைரவி பைரவியாக இருக்காது. "ஒரு சுற்றுக்கு 3.6 வினாடி" என்று எழுதிவைக்கலாம் என்றால், வினாடி என்பது நாம் வைத்துக்கொண்ட அளவு. எனவே ஹைட்ரஜனைச் சாட்சிக்கு அழைத்தார்கள். பிரபஞ்சத்தில் மிக அதிகமாக உள்ள தனிமம் அது. அதன் அணு ஒரு சிறிய நிலைமாற்றத்தின்போது எப்போதும் ஒரே ரேடியோ அலையை வெளியிடும். அந்த அலையின் ஓர் அதிர்வுக்கு ஒரு வினாடியின் நூறு கோடியில் 0.7 பங்கு நேரம். அதை அலகாக வைத்து, சுழலும் நேரத்தை இரும எண்ணில் கோடுகளாக வரைந்தார்கள். முள்ளும் அதைத் தாங்கும் பகுதியும் கூடவே போயிருக்கின்றன. தட்டின் வயதைக் கணக்கிட உறையில் யுரேனியம்-238 பூசியிருக்கிறார்கள். அது பாதியாகக் குறைய 450 கோடி ஆண்டு ஆகும்.

கவனியுங்கள். பாட்டைக் கேட்கவைக்க முதலில் தேவைப்பட்டது இயற்பியல். இசைக்கு மொழி வேண்டாம் என்றவர்களே அந்த இசைக்கு உரை எழுத வேண்டியிருந்தது.

ஸ்வரத்துக்குள் இருக்கும் எண்

அப்படியானால் இசையில் பொதுவானது எதுவுமே இல்லையா? இருக்கிறது, அது ஸ்வரங்களுக்கு இடையே உள்ள விகிதம்.

ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பது அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். 'ஸ' என்று பாடும் ஸட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் 'ப' என்று பாடும் பஞ்சமம் 360, மேல் ஸட்ஜம் 480. ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் 2:3, இரு ஸட்ஜங்களுக்கும் 1:2. பாடகர் ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் பாடினாலும் ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடினாலும் எண்கள் மாறும், விகிதம் மாறாது. இட்லி மாவுக்கு நாலுக்கு ஒன்று என்றால் ஆழாக்கில் அளந்தாலும் டம்ளரில் அளந்தாலும் இட்லி அதே இட்லிதான் அல்லவா, அப்படி. நமக்குக் கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. வேற்றுக்கிரகவாசியின் புலன் வேறு எல்லையில் இயங்கினாலும், அத்தனை ஸ்வரத்தையும் ஒரே எண்ணால் பெருக்கி மேலேயோ கீழேயோ நகர்த்திக்கொள்ளலாம். விகிதம் உயிரோடு இருக்கும்.

இந்த விகிதம் யார் வைத்த சட்டமும் அல்ல. இழுத்துக் கட்டிய தந்தி முழு நீளமாக அதிரும். கூடவே இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்காகவும் ஐந்தாகவும் அதிரும். 240 ஹெர்ட்ஸ் தந்தியில் 480, 720, 960, 1200 எல்லாம் மெலிதாக ஒலிக்கும். இவை மேற்சுரங்கள். 360 ஹெர்ட்ஸ் பஞ்சமத் தந்தியின் மேற்சுரங்களில் 720 வருகிறது. இரண்டும் அங்கே கைகோத்துக்கொள்கின்றன. "சேர்ந்தது" என்று நாம் சொல்லும் உணர்வுக்குப் பின்னால் இந்தச் சந்திப்பு இருக்கிறது.

தம்புராவில் இதைக் காதாலேயே பிடிக்கலாம். தந்தியைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் தந்திக்கும் நடுவில் ஜீவா என்ற சிறு நூலை வைத்து முன்னும் பின்னும் ஒரு மயிரிழை நகர்த்துவார்கள். சரியான இடம் வந்ததும் நாதம் சட்டென்று விரிந்து மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். மந்தரத் தந்தியை மட்டும் மீட்டிக் கூர்ந்து கேட்டால், எந்தத் தந்தியிலும் வைக்காத அந்தர காந்தாரம் ('க' ஸ்வரம்) கேட்கும். ஐந்து பங்காக அதிர்வதன் பலன் அது. நம் வித்துவான்கள் அதை சுயம்பு காந்தாரம் என்பார்கள்.

இதோடு நிறுத்தினால் விஷயம் சுபமாக முடிந்துவிடும். ஆனால் மேற்சுரங்கள் முழு எண்களாக வருவது மெல்லிய தந்திக்கும் குழலுக்கும் உள்ள குணம். சீரான வட்டத் தோலைத் தட்டினால் அடுத்த சுரம் இரண்டு மடங்காக வராது, 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று கோணலாக வரும். மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதியோடு பேசுகிறது? வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவில் படிப்படியாகப் பூசும் கருப்பு வட்டம் தோலின் கனத்தை மாற்றி, அந்தக் கோணல்களை முழு எண்களுக்கு இழுத்து வருகிறது. இதை 1920-ல் 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டியவர் சி.வி. ராமன். பின்னாளில் பெங்களூரில் தன் பெயரிலேயே ஆய்வு நிறுவனம் அமைத்த அதே ராமன்தான். நம் கைவினைஞர்கள் காதை நம்பி, தோலைத் தந்தி மாதிரி நடக்கவைத்துவிட்டார்கள். தந்தியோ தொண்டையோ குழலோ இல்லாமல், தட்டையான ஏதோ ஓர் உறுப்பை அதிரவைத்துப் பேசும் உயிர் ஒன்று இருந்தால், அதன் "இயற்கையான" ஸ்வரங்கள் நம்முடையவையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதுவரை: 3:2 என்ற விகிதத்தை எந்த உலகத்திலும் அளக்கலாம். அது எல்லா உலகத்திலும் பழக்கமானதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

அளப்பது வேறு, இனிப்பது வேறு

அளக்க முடிந்தது இனிக்கவும் செய்யும் என்று நினைப்பது அடுத்த வழுக்கல். பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம், மேற்கத்திய இசையில் இனியது என்றும் உறுத்தலானது என்றும் பிரிக்கப்படும் ஸ்வரக் கூட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். 2016-ல் வெளியான அந்த முடிவின்படி அவர்களுக்கு இரண்டும் ஒரே அளவு இனிமையாகவே இருந்தன. 2019-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் "அதே ஸ்வரம்தான்" என்ற நமக்குத் தானாக வரும் உணர்வும் அவர்கள் பாடிக்காட்டியதில் தென்படவில்லை.

மனிதர்களை விட்டு ஒரு படி நகர்ந்தால் இன்னும் மோசம். மைனாவின் உறவுப் பறவையான ஐரோப்பிய ஸ்டார்லிங் பாடுவதில் கெட்டிக்காரி. பழக்கிய ஒரு மெட்டை அதற்கு வேறு கட்டைக்கு மாற்றி வாசித்தால் அடையாளம் காணத் தடுமாறுகிறது. விகிதத்தை விட்டுவிட்டு ஒலியின் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் ஜன்னலில் உட்காரக்கூடிய பறவை இனத்திடமே விகிதம் எடுபடவில்லை.

இயற்கையும் தாளம் போடும்

"புரியாவிட்டால் போகட்டும், இவ்வளவு ஒழுங்கான ஒன்றைப் பார்த்தால் அறிவுள்ள யாரோ இருக்கிறார்கள் என்றாவது தெரியாதா?" இது நியாயமான கேள்வி.

1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு ரேடியோத் துடிப்பைக் கண்டார். 1.337 வினாடிக்கு ஒருமுறை, தாளம் தவறாமல் வந்தது. "சின்னப் பச்சை மனிதர்கள்" என்று விளையாட்டாக அதற்குப் பெயரும் வைத்தார்கள். கடைசியில் அது வேகமாகச் சுழலும் ஒரு செத்த நட்சத்திரத்தின் எச்சம். இன்று பல்சர் என்கிறோம். விகிதமும் அப்படியே. ட்ராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் ஏழு கிரகங்களின் சுற்றுக்காலங்களை அடுத்தடுத்து ஒப்பிட்டால் 8:5, 5:3, 3:2, 3:2, 4:3, 3:2 என்பதற்கு வெகு அருகில் வருகின்றன. நடுவிலேயே பஞ்சமமும் மத்திமமும் உட்கார்ந்திருக்கின்றன. யாரும் பாடவில்லை, ஈர்ப்பு விசை செய்த வேலை.

அச்சு மாறாமல் திரும்ப வருவதும் அறிவுக்கு அடையாளமில்லை. வெறும் இரைச்சலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், விதிக்கு உட்பட்டு மாறிக்கொண்டே போவது வேண்டும். அதற்கு நம் கையில் ஒரு சரக்கு இருக்கிறது: கோர்வை, அதாவது கணக்குப் போட்டு அமைத்த தாளச் சொற்கட்டு.

ஆலாபனையை வைத்துக்கொள்ளுங்கள், கோர்வையை அனுப்புங்கள்

ஆதி தாளம் எட்டு அட்சரம் (தட்டு), அட்சரத்துக்கு நான்கு மாத்திரை (சின்னத் துடிப்பு) என்றால் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 32 மாத்திரை. ததிங்கிணதொம் என்ற மிருதங்கச் சொல் ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, விடுங்கள்: 5+2+5+2+5, மொத்தம் 19. 32-ல் 19 போக 13. ஆக, சமத்திலிருந்து, அதாவது சுற்றின் தொடக்கத்திலிருந்து, 13 மாத்திரை சும்மா இருந்துவிட்டு எடுத்தால், கடைசி "தொம்" முடிந்த கையோடு சமம் வந்து நிற்கும். அடுத்த ஆவர்த்தனத்தில் கார்வையை மூன்றாக்கினால் மொத்தம் 21. இப்போது 11 மாத்திரை விட்டு எடுக்க வேண்டும். கார்வை ஒன்று ஏறினால் எடுக்கும் இடம் இரண்டு மாத்திரை முன்னே வருகிறது.

இதைக் கேட்கக் காது வேண்டாம். துடிப்பு, இடைவெளி, துடிப்பு என்று ரேடியோவில் அனுப்பலாம். பெறுபவர் நேரத்தை அளந்தாலே போதும். 32 மாறாமல் இருக்க, உள்ளே உள்ளவை ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து நகர்வது தெரியும். நான் அறிந்தவரை எந்தப் பல்சரும் சமத்துக்கு வருவதற்காக முன்கூட்டிக் கணக்குப் போட்டு எடுப்பதில்லை. "இங்கே எண்ணத் தெரிந்த யாரோ இருக்கிறார்கள், முடிவை மனதில் வைத்துத் தொடங்குகிறார்கள்" என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்து அனுப்பினால் அவர்கள் அதை ஆண்டெனா கோளாறு என்று நினைக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

பதிலுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும்?

அனுப்பலாமா கூடாதா என்ற சண்டை தனியாக நடக்கிறது. இடம் தெரியாதவர்களுக்கு நம் முகவரியைக் கொடுப்பது ஆபத்து என்றவர்களில் மறைந்த இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் உண்டு. அது இன்னொரு கட்டுரைக்கான விஷயம்.

2008 பிப்ரவரியில் நாசா தன் ஐம்பதாவது ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி பீட்டில்ஸ் குழுவின் ஒரு பாட்டை துருவ நட்சத்திரத்தை நோக்கி அனுப்பியது. தூரம் 431 ஒளியாண்டு என்று அப்போது சொன்னார்கள். ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம். உடனே பதில் போட்டாலும் 862 ஆண்டு. இதைக் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம், உரையாடல் என்று அல்ல.

2017 அக்டோபர் முயற்சி கொஞ்சம் பொறுப்பானது. நார்வேயின் ட்ரோம்ஸோவில் உள்ள ஆண்டெனாவிலிருந்து லூய்ட்டன் விண்மீனுக்கு 33 இசைத் துணுக்குகள் போயின. ஒவ்வொன்றும் 10 வினாடி. தூரம் சுமார் 12 ஒளியாண்டுதான். பாட்டை மட்டும் அனுப்பாமல், அதைப் பிரித்துப் படிக்க எண்களில் தொடங்கும் ஒரு பாடத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். அது 2030 வாக்கில் போய்ச் சேரும். உடனே பதில் கிளம்பினால் 2042 போல இங்கே வரும்.

வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, நாம் அனுப்பியது அப்படியே திரும்பி வந்திருக்கிறதா என்பதை. அப்படி வந்தால் எதிரொலியாகவும் இருக்கலாம், கருவிக் கோளாறாகவும் இருக்கலாம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்ட கணக்கை கடம் குறைத்துத் திருப்பித் தருவதுபோல, நம் எண்கள் விதி கெடாமல் கொஞ்சம் மாறி வந்திருந்தால், ட்ரோம்ஸோவில் யாரையாவது நள்ளிரவானாலும் எழுப்பிச் சொல்ல வேண்டிய செய்தி அது.